முன்னிலை: சம்பந்தி

ஆவணி 5, வியாழன்

காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. என் மனைவி ஆவுடை குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். நான் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். வாசலில் நின்று ஒரு முறை முறைத்தாள். முறைக்கட்டும். மோட்டாரை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். இந்த நோட்டீஸை என்னைத் தவிர அம்பாசமுத்திரத்தில் எழுத ஆளில்லை.

மரபு மருத்துவ மீட்புப் பேரவை. வைத்தியர் பூதலிங்கம் தலைவர், நான் செயலாளர். உறுப்பினர் எல்லோரும் சேர்ந்தால் ஒரு வேனில் அடங்கிவிடுவோம். ஆவணி 29 ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். கோரிக்கை ஒன்றே ஒன்று. கஞ்சாவைப் போதைப்பொருள் சட்டத்திலிருந்து எடுத்து, பழையபடி லைசென்ஸ் கடையிலும் சித்த வைத்தியர் கையிலும் கொடுக்க வேண்டும்.

இதைச் சொன்னால் என்னைத் தலைமுடி வளர்த்த பயல்களோடு சேர்த்துவிடுகிறார்கள். நான் நெற்றி நிறைய திருநீறு பூசுகிறவன். கோயில் கொடை விழாவில் சினிமா டான்ஸ் வைக்கப் பார்த்தபோது மேடைக்கு முன்னால் உட்கார்ந்து நிறுத்தியவன். எண்பத்தைந்தில் டெல்லியில் சட்டம் போடும்வரை லைசென்ஸ் வைத்து விற்ற சரக்கு இது. லேகியத்தில் சேர்த்தார்கள், வலிக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரன் சொன்னான் என்று நம் வைத்தியர் அலமாரியைப் பூட்டிவிட்டு, அரசாங்கமே கடை போட்டு பாட்டில் விற்கிறது. பழையதைக் காப்பாற்ற நினைப்பவன் கேட்காமல் இதை வேறு யார் கேட்பது?

நோட்டீஸில் பெயர் போடுவதுதான் பெரிய தலைவலி. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை. ஒரு பெயர் விட்டுப்போனால் சாகும்வரை முகம் கொடுக்க மாட்டார்கள். முன்னிலையில் முதல் பெயராக சம்பந்தி ஆறுமுகநயினாரைப் போட்டேன். தென்காசியில் மெட்ரிகுலேஷன் பள்ளித் தாளாளர். அவர் மகன் தாணுவுக்குத்தான் நம் மகள் மரகதத்தை நிச்சயம் செய்திருக்கிறது, ஐப்பசி 16 கல்யாணம். சம்பந்தியானபின் நான் அச்சடிக்கும் முதல் காகிதம். அதில் அவர் பெயர் இல்லாவிட்டால் நாளைக்கு எப்படி அவர் முகத்தில் முழிப்பது?

"அவுகளைக் கேட்டீகளா?" என்றாள் ஆவுடை, ஈரக்கையோடு எட்டிப் பார்த்து.

"முன்னிலைக்குப் பேர் போட யாராவது கேப்பாகளா? கேட்டாத்தான் மரியாதைக் குறைச்சல்."

அவள் அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். கடைசியில் மோட்டாரையும் அவள்தான் ஆள் விட்டுச் சரிபண்ணினாள்.

ஆவணி 8, ஞாயிறு

பேரவையில் சேர இரண்டு பயல்கள் பைக்கில் வந்தார்கள். ஒருவன் பனியனில் கஞ்சா இலைப் படம். உள்ளே வந்து உட்கார்ந்து, "சார், நீங்க வேற லெவல்" என்றான். அடுத்தவன் குரலைத் தாழ்த்தி, "சரக்கு எதுவும் கிடைக்குமா சார்?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைத் தேடினேன். இரண்டும் கேட்டைத் தாண்டித்தான் மூச்சு விட்டது.

"மோராவது குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்றாள் ஆவுடை. "வழியில போலீஸ்காரன் கண்ணுல பட்டா அந்தப் பிள்ளைக கதி என்ன?"

அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் மகன் காசி பத்தொன்பது வயதில் கல்லூரி ஹாஸ்டலில் ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலத்தோடு மாட்டினான். கேஸ் இழுத்தது, கடைசியில் விடுதலையும் ஆனான். ஆனால் ரயில்வே வேலை கையில் வந்தபோது போலீஸ் விசாரணையில் அந்தப் பழைய கேஸ் குறுக்கே வந்து நின்றது. அதோடு வேலை போயிற்று. பிறகு போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காமாலையில் போய்விட்டான். காமாலை யாருக்கு வேண்டுமானாலும் வரும். அதற்கும் பேரவைக்கும் சம்பந்தமில்லை. நான் இதில் இறங்கியது நம் வைத்தியத்துக்காக.

சாயங்காலம் அச்சகத்துக்குப் போய்வந்தேன். பஸ் ஸ்டாண்ட் வழியாகப் போனால் பக்கம்தான். அங்கே மதுக்கடை வாசலில் ஒரே கூட்டம். நான் ஆற்றுப்பாலம் பக்கமாகச் சுற்றித்தான் எப்போதும் போவேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்திருந்தது.

நோட்டீஸும் வந்துவிட்டது. முறைப்படி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பிரதியைப் பிள்ளையார் காலடியில் வைத்தேன். சன்னதியில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். சம்பந்திக்கு ஒரு தனிக் கட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாளைக் காலை பள்ளியிலேயே சேர்க்கும்படி தென்காசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்த்தால் குளிர்ந்துபோவார்.

ஆவணி 12, வியாழன்

குடியே முழுகிப்போச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல் சம்பந்தி போன் செய்தார். அவர் குரலை நான் இப்படிக் கேட்டதே இல்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"அண்ணாச்சி, மஞ்சள் தடவி ஒரு கட்டு அனுப்பினீகளா?"

"ஆமா சம்பந்தி, உங்களுக்குத்தான்..."

"வாட்ச்மேன் அதைக் கோயில் நோட்டீஸ்னு நினைச்சு, வகுப்பு வகுப்பாக் குடுத்து, பிள்ளைக பையில ஒண்ணொண்ணு போட்டு அனுப்பிட்டான். பிள்ளை வீட்டுக்குப் போயி அப்பன்கிட்ட நீட்டுது. மேலே கஞ்சான்னு இருக்கு. கீழே மொதப் பேரு எம் பேரு."

போனை வைத்துவிட்டார்.

ஆவுடையிடம் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணி 13, வெள்ளி

சம்பந்தி போனை எடுக்கவில்லை. தாணுவும் எடுக்கவில்லை.

ஆவணி 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் வைத்தியரும் நானும் வீடு வீடாகப் போய் நோட்டீஸைத் திரும்ப வாங்கினோம். கல்யாணப் பத்திரிகையைத் திரும்பக் கேட்கிற மாதிரி எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு வீட்டில் அதை வைத்து இட்லி மாவுப் பாத்திரத்தை மூடியிருந்தார்கள். வாங்கி என்ன புண்ணியம்? அது வாட்ஸப்பில் ஏறிவிட்டது. எதிர் வீட்டுக்காரரே காட்டினார். சம்பந்தி பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இவரிடமா நம் பிள்ளைகள்?" என்று எழுதியிருந்தது.

மரகதத்துக்கு முப்பத்தொன்று நடக்கிறது. இதற்குமுன் இரண்டு இடம் பெண் பார்த்துப் போய், பிறகு விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். என்ன விசாரித்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த இடம்தான் தகைந்தது. மதுரையில் பேங்கில் வேலை பார்க்கிற பெண், போனில் அந்தப் பையனோடு பேசும்போது சிரிக்கிறாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. என் கையாலேயே அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆவணி 17, செவ்வாய்

மண்டபத்து மானேஜர் வந்து, கூட்டத்துக்கு இடம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு. சும்மா விசாரிக்கத்தான், என்றார். வீட்டில் செடி ஏதும் உண்டா என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்புறம் ஒரு சுற்று சுற்றினார். துளசி இருந்தது, கறிவேப்பிலை இருந்தது. ஆவுடை அவருக்குக் காபி கொடுத்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பறித்துக் கொடுத்தாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அவர் போனபிறகு வாசல் கதவைத் தாழ்போட்டேன். அன்றைக்குக் காசியைத் தேடி வந்ததும் இப்படி ஒரு ஏட்டுதான். அவரும் சும்மா விசாரிக்க என்றுதான் சொன்னார்.

ஆவணி 19, வியாழன்

மரகதம் லீவு போட்டு வந்திருக்கிறாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாத்தையும் தாணு சொன்னாங்க. அவங்க வீட்டுல ஒரு வாரமா அடுப்பு ஒழுங்கா எரியலியாம். நாப்பது பிள்ளைகளுக்கு டி.சி. கேட்டிருக்காகளாம்."

"ஏட்டி, நான் மரியாதைக்குத்தான் அவரு பேரைப் போட்டேன்."

"தெரியும்ப்பா. உங்களைத் தெரியாதா?" இன்னொரு துணியை எடுத்து உதறினாள். "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. நான் இதுதான் சொல்லுவேன். கூட்டத்தை வைங்கன்னோ வேண்டாம்னோ நான் சொல்ல மாட்டேன்."

அதைவிட அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆவணி 22, ஞாயிறு

சம்பந்தி காரில் வந்தார், தனியாக. ஆவுடை காபி கொண்டுவந்தாள். தொடவில்லை. பையிலிருந்து ஒரு டைப் அடித்த காகிதத்தை எடுத்து ஸ்டூலில் வைத்தார். அவர் சம்மதமில்லாமல் பெயர் போடப்பட்டது, கூட்டம் ரத்து, பேரவை கலைக்கப்பட்டது, இப்படிக்குச் செயலாளர். பத்திரிகையில் கொடுக்கப்போகிறாராம்.

"பேர் போட்டது எந் தப்பு. அதுக்கு ஆயிரம் தடவை மன்னிப்புக் கேக்கேன்" என்றேன். "ஆனா பேரவையை எதுக்குக் கலைக்கணும் சம்பந்தி? நான் என்ன விக்கவா சொல்லுதேன்? நம்ம வைத்தியத்துல இருந்ததைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கேன். சின்னப் பயலுக ஒரு பொட்டலத்துக்காகக் கோர்ட்டு வாசல்ல நிக்காக. அதே பயல் பாட்டில் வாங்கினா சில்லறை பாக்கி எண்ணிக் குடுக்காக. இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் பேச நான் வரல அண்ணாச்சி."

"எம் மவன் அந்தக் கேஸால வேலையில்லாம நின்னான். கடைசியில காமாலை வந்து..."

அவர் கையை உயர்த்தினார். கோபமாக அல்ல, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

"காமாலைன்னு நீங்க சொன்னீக, நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். அம்பைக்கும் தென்காசிக்கும் எம்புட்டு தூரம்? பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். உங்க மவன் குடிச்சுத்தான் செத்தான். அதுக்கென்ன? யார் வீட்டுல இல்ல? குடிச்சுச் செத்தவன் வீட்டுல பொண்ணு எடுக்கலாம், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாக. கஞ்சா மாநாடு போட்டவன் வீட்டுல எடுத்தா எம் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை மிஞ்சாது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. அடுக்களை நிலையில் ஆவுடை நின்றாள், அவளுக்குப் பின்னால் மரகதத்தின் கை மட்டும் தெரிந்தது, நிலையைப் பிடித்தபடி.

கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு அவர் காபியை எடுத்துக் குடித்தார். ஆறியிருக்கும்.

ஆவணி 23, திங்கள்

தேங்காய் பறிக்க ஆள் வந்தான். வேறு ஒன்றும் இல்லை.

ஆவணி 29, ஞாயிறு

கூட்டம் நடக்கவேண்டிய நாள். காலையிலேயே வைத்தியர் வந்துவிட்டார். கலைந்துபோன பேரவையின் தலைவர். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு வே தலையைத் தொங்கப்போடுதீரு?" என்றார். "எம் மக கல்யாணம்னா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

மண்டபத்து வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார். ரத்தான விஷயம் தெரியாமல் சில பேர் வந்தார்களாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மாளுக்கு மார்பில் புற்று, ராத்திரியெல்லாம் வலியில் உறக்கமில்லையாம். சட்டம் மாறுமா, எப்போது மாறும் என்று கேட்டார்களாம். வைத்தியர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசி 4, சனி

சம்பந்தி போன் செய்தார். பழைய குரல், பழைய சிரிப்பு. பத்திரிகையில் மறுப்பு வந்தபிறகு பள்ளியில் எல்லாம் அடங்கிவிட்டதாம். டி.சி. கேட்டவர்களில் பாதிப்பேர் திரும்ப வந்துவிட்டார்களாம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. முகூர்த்தப் புடவை, பந்தல், சமையல்காரர் எல்லாம் பேசி முடித்தபிறகு, "ஒரு சின்ன விஷயம் அண்ணாச்சி" என்றார்.

"சொல்லுங்க சம்பந்தி."

"முந்தின நாள் மாப்பிள்ளையோட சேக்காளிக ஒரு இருபது பேர் லாட்ஜ்ல தங்குவாக. நம்ம சொந்தக்காரப் பயலுகளும் உண்டு. அவங்களுக்கு வேண்டிய ஏற்பாட்டைப் பொண்ணு வீட்டுல பாத்துக்கிடுங்க. இப்பல்லாம் அதானே வழக்கம். கொஞ்சம் நல்ல சரக்காப் பாத்து வாங்குங்க. குறைஞ்சுபோச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானுக."

நான் என்ன சொன்னேன்? "பாக்குறேன்" என்று சொன்னேன்.

ஆவுடையிடம் சொல்லவில்லை. மத்தியானம் வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் குடித்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

பஸ் ஸ்டாண்ட் வழியாகப் போனேன். கையில் துணிப்பை.

கடைக்கு முன்னால் வரிசை. போய் நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் தர்மகர்த்தாவின் தம்பி நின்றார், எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் நின்றார். "வாங்க சார், வயசானவுக, முன்னாடி போங்க" என்று ஒரு பையன் வழிவிட்டான். காசிக்கும் இப்படித்தான் யாராவது வழி விட்டிருப்பார்கள். அந்தப் பொட்டலத்துக்காக அவனை ஏழு தடவை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். இங்கே அவன் நின்ற நாட்களில் யாரும் அவனை எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "என்ன வேணும் அண்ணாச்சி?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாம்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சம்பந்திக்குப் போன் போட்டேன். சனி ஞாயிறுக்கு வந்து, மதுரைக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்த மரகதம் பக்கத்தில் நின்றாள்.

"சம்பந்தி, எம் மவன் குடிச்சுச் செத்தான்."

"அது தெரியும்னு அன்னைக்கே சொன்னேனே. அதை எதுக்கு இப்பச் சொல்லுதீக?"

"நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அதனால சொல்லுதேன். எம் மக கல்யாணத்துல பாட்டில் வராது. நானும் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்கக் கூடாது. இதுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தீகன்னா அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பொண்ணைப் பெத்தவரு பேசுற பேச்சா இது?" என்றார். மரகதம் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, அப்பா சொன்னதுதான். எனக்கும் அதுதான்."

அவர் வைத்துவிட்டார். மரகதம் போனை மேஜையில் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். காசி செத்த அன்றைக்கு அவள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காமாலை, காமாலை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

இங்கேயும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். என் மகன் காசிநாதன் குடித்துச் செத்தான். வயது இருபத்தொன்பது.

புரட்டாசி 8, புதன்

போன் வரவில்லை. மரகதம் தாணுவுக்குப் பேசினாளா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. மளிகைக்கடையிலிருந்து போன் வந்தாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது. ஆவுடை என்னோடு சரியாகப் பேசுகிறாள், அதுவே பயமாக இருக்கிறது. சமையல்காரருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தல்காரர் கேட்டார், நாளை சொல்கிறேன் என்றேன். சம்பந்தி போன் வருவதாக இருந்தால் இத்தனை நேரம் வந்திருக்கும்.

தவறு செய்துவிட்டேனா? ஒரு ராத்திரிக் கூத்து. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போயிருக்கும். பெண்ணின் வாழ்க்கையை வைத்து வீராப்புப் பேசினேனோ? ஆவுடையிடம் கேட்டேன். "வாழைப்பூ ஆயணும், உக்காருங்க" என்றாள்.

புரட்டாசி 10, வெள்ளி

பதினோரு மணி இருக்கும். போன் என்னுடையதில் வரவில்லை, ஆவுடையுடையதில் வந்தது. சம்பந்தியின் வீட்டம்மா, பகவதி மதினி. நிச்சயத்தன்று "வாங்க" என்றதைத் தவிர அந்த அம்மாள் பேசி நான் கேட்டதில்லை. ஆவுடைக்குக் கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. பாட்டில் கிடையாதுன்னு தாணு அவன் சேக்காளிககிட்டச் சொல்லிட்டான். இவுக ரெண்டு நாளாச் சோறு வேண்டாம்னு படுத்துக்கிட்டாக. இன்னைக்குக் காலையில எந்திரிச்சு தோசை கேட்டாக. எல்லாம் சரியாயிரும், நீங்க பந்தல் வேலையைப் பாருங்க."

ஆவுடை மாவுக்கையோடு போன் பக்கம் குனிந்தாள். அந்த அம்மாள் பேசிக்கொண்டே போனார்.

"எங்கூடப் பொறந்த தம்பி ஒருத்தன் இருந்தான் மதினி. மாரடைப்புன்னுதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கோம். இவுகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆனா வீட்டுக்குள்ளகூட மாரடைப்புன்னுதான் பேசுவோம். அண்ணாச்சி போன்ல சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அன்னையில இருந்து எனக்கு உறக்கம் வரல." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் கூட்டம் எப்ப வைக்காக? எனக்குக் கஞ்சாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா பாட்டிலை வித்துக்கிட்டு இலைக்குப் பிள்ளைகளைப் பிடிச்சுட்டுப் போறாகன்னு ஒருத்தராவது மேடையில வாய்விட்டுச் சொல்லணும்லா. பொம்பளைக வரலாமா?"

நான் ஆவுடையைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கலைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். மறுப்புப் போட்டது அந்த அம்மாளின் புருஷன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. ஆவுடை என் கையை ஒரு தரம் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள்.

"கல்யாணம் முடியட்டும் மதினி" என்றாள். "கார்த்திகையில வைப்பாக. நாம ரெண்டுபேரும் சேந்து போவோம்."

பேசி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"நல்ல நாளாப் பாருங்க" என்றாள்.